சைஃபன் காற்று வாங்கும்போது

சமையலறை மேசைமேல் 23 லிட்டர் வாளி. உள்ளே இரண்டு வாரம் நொதித்து அடங்கிய பீர். மேலே தெளிவு, அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஈஸ்ட் மண்டி. மண்டியைக் கலக்காமல், காற்றுப் படாமல், தெளிவை மட்டும் கீழே இருக்கும் வாளிக்கு மாற்ற வேண்டும். சாய்த்து ஊற்றினால் இரண்டும் கெடும். அதனால்தான் சைஃபன்: மேல்வாளியின் விளிம்பைத் தாண்டி வளைந்து கீழ்வாளிக்கு இறங்கும் குழாய்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் இது வீட்டுப் பொழுதுபோக்கு. 1963 வரை இங்கேயும் வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். (தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது இன்றும் குற்றம்.)

குழாயில் பீர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் வளைவில் ஒரு குமிழி வந்து உட்காரும். அது பெரிதாகும். ஓட்டம் நூலாகி நின்றுபோகும். பலரும் உடனே பழைய டியூபைக் குறைசொல்லிப் புதியது வாங்குகிறார்கள். குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், பெரும்பாலும் வாங்க வேண்டியதே இருக்காது.

அதற்கு வளைவில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். சைஃபனை ஓட்டுவது புவியீர்ப்பு. வெளியே இறங்கும் கால், மேல்வாளியின் பீர் மட்டத்துக்கும் கீழே தொங்குகிறது. அந்தக் கூடுதல் நீளத்தின் எடைதான் மொத்தத்தையும் இழுக்கிறது. காற்றழுத்தம் அந்தத் திரவக் கம்பம் நடுவில் அறாமல் தாங்குகிறது. 2010-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹியூஸ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1911 முதல் சைஃபன் காற்றழுத்தத்தால் ஓடுவதாகவே சொல்லிவருகிறது என்று சுட்டிக்காட்டினார். ஒரு சொல்லின் விளக்கம் கிட்டத்தட்ட நூறாண்டு கேள்வியின்றி நின்றது எனக்கு இன்றும் வியப்பு.

நமக்கு வேண்டிய விஷயம் இதிலிருந்து வருகிறது. பீர் மட்டத்துக்கு மேலே ஏறும் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் பீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடி விரலால் தடவிப் பார்த்துப் பயனில்லை. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் பழுது வந்தால் "ஏர் இழுக்குது" என்பார்களே, அதே நிலைமை.

முதல் சோதனை வெறும் தண்ணீரில். வாளி நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டுங்கள். தண்ணீரிலும் விடாமல் குமிழி வந்தால் காற்று நுழைகிறது. தண்ணீர் சுத்தமாக ஓடி, பீர் மட்டும் குமிழி விட்டால், அது பீரிலேயே கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. நொதித்த பீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். வளைவில் அழுத்தம் குறைவதால் அதில் கொஞ்சம் பிரிந்துவிடும். வாளி நிறைந்திருக்கும்போது வளைவு பீர் மட்டத்திலிருந்து 30 செ.மீ. உயரம் என்றால், வாளி காலியாகும் நேரத்தில் 60 செ.மீ. ஆகியிருக்கும்; அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. கடைசி லிட்டர்களில் தொல்லை கூடுவது இதனால்தான். முந்தைய நாளே வாளியை மேசைமேல் ஏற்றிவைத்து, அசைக்காமல் விடுங்கள். வளைவில் சேரும் குமிழியை, டியூபை விரலால் சுண்டி ஓட்டத்தோடு அனுப்பிவிடலாம்.

காற்று நுழைகிறது என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, வாளிக்குள் நிற்கும் கெட்டிக் குழாயும் அதிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய டியூபும் சேரும் முனை. டியூபின் வாய் பலமுறை கழற்றி மாட்டியதில் தளர்ந்திருக்கும். அந்த ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து, புது முனையைச் சுடுதண்ணீரில் முக்கி இளக்கி, ஆழமாகச் செருகி, கிளாம்ப் போடுங்கள்.

மற்றது ஆட்டோ சைஃபனின், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் கொண்டு பம்ப் போல ஓட்டத்தைத் தொடங்கும் சைஃபனின், உள்குழாய் அடிமுனையில் இருக்கும் ரப்பர் வாஷர். இதன் வெளிக்குழாயின் அடியில், கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு போல ஒருவழி வால்வு. உள்குழாயை மேலே இழுத்தால் பீர் உள்ளே வரும். கீழே அழுத்தினால் வால்வு மூடிக்கொண்டு பீர் வளைவைத் தாண்டும். வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. வாயிலிருக்கும் லாக்டோபாசிலஸ் பீரைப் புளிக்கவைக்கும் என்பதால் இது பெரிய நன்மை. ஆனால் ஓட்டம் தொடங்கியதும் உள்குழாயை மேலேயே விட்டுவிட்டால், பீர் மட்டம் வாஷருக்குக் கீழே இறங்கும் கணத்தில் அதன் ஓரம் வழியே காற்று உள்ளே போகும். உள்குழாயை அடிவரை அழுத்தி வையுங்கள். வாஷர் தேய்ந்திருந்தால், இரண்டு குழாய்க்கும் நடுவே கிருமிநீக்கிக் கரைசல் கொஞ்சம் ஊற்றினால் அன்றைய வேலைக்கு அதுவே அடைப்பாக நிற்கும். பிறகு வாஷரை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு கவலை ஏன் என்றால், நொதித்து முடிந்த பீருக்கு ஆக்சிஜன் ஆகாது. வைக்க வைக்க, நனைந்த அட்டையின் வாசம் ஏறும். ட்ரான்ஸ்-2-நானெனால் என்ற சேர்மம்தான் அந்த வாசம். தளர்ந்த முனையைக் கவனிக்காமல் ஒரு முழு வாளியை நான் இப்படி இழந்திருக்கிறேன். மாற்றிய அன்று நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த வாசம். டியூபின் வெளிமுனையும் கீழ்வாளியின் அடியைத் தொட்டிருக்கட்டும். மேலிருந்து விழுந்து தெறித்தால் அதுவும் காற்றுதான்.

கழுவுவதை அன்றே செய்துவிட வேண்டும். ஈஸ்ட் காய்ந்தால் டியூபுக்குள் பிரஷ் எட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரை சைஃபன் வழியாகவே ஓட்டுங்கள். கொதிநீர் கூடாது, அக்ரிலிக் குழாய் வளைந்துவிடும். ஆல்கஹாலும் கூடாது, மயிரிழை விரிசல் விடும். கிருமி நீக்க, ஸ்டார் சான் என்ற கரைசல் லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி போதும். அதையும் சைஃபன் வழியே ஓட்டி, வளைவு நிரம்பி இருக்கும்படி இரண்டு நிமிடம் வையுங்கள்.

பிறகு இரண்டு குழாயையும் தனித்தனியாகக் கழற்றி, டியூபின் இரண்டு முனையும் கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டுங்கள். டியூப் பால்போல் வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் உறிஞ்சிய நீர்தான், காய்ந்தால் தெளியும். உள்ளே கரும்புள்ளியோ புளித்த வாடையோ இருந்தால் மட்டும் கழுவிக்கொண்டிராமல் தூக்கிப்போடுங்கள்.