ஒரே வரிசையில் ஆடிய நான்கு பற்கள்

2021 டிசம்பர். மொரீசியஸ் எல்லைகளைத் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோவிட் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. ரோஸ்ஹில்லில் என் பல் மருத்துவ அறைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பழைய சர்க்கரை நோயாளி. மூன்று வாரத்துக்கு முன்புதான் கோவிட்டுக்காக மருத்துவமனையில் ஆக்சிஜன், ஸ்டீராய்டு எல்லாம் கண்டு வீடு திரும்பியிருந்தார்.

"மேலே நான்கு பல் ஆடுகிறது டாக்டர். பிடுங்கிவிட்டு, தைப்பூசக் காவடிக்குள் பல் செட் செய்துகொடுங்கள். விருந்தில் ஏழு காய்கறிக் கறியையும் மென்று சாப்பிட வேண்டாமா?"

பிடுங்கியிருப்பேன். மரப்பு ஊசியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் ஈறு நோயில் ஆடும் பல் இப்படி இருக்காது. காரை படிந்து, ஈறு இறங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆடும். இவருக்கு ஈறு சுத்தமாக இருந்தது. வலப்பக்கம் அடுத்தடுத்து நான்கு பற்கள். ஒன்றைத் தொட்டால் நான்கும் சேர்ந்து அசைந்தன. ஆடியது பல் அல்ல, எலும்பு.

பஞ்சால் வலக்கன்னத்தை வருடி, "தெரிகிறதா டீச்சர்?" என்றேன்.

"ஒரு வாரமாக மரத்துத்தான் கிடக்கிறது. காற்றுப் பட்டிருக்கும்."

விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 21 மில்லிமோல். தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 380. மருத்துவமனைச் சீட்டில் வீட்டில் விழுங்க வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தது. சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சர்க்கரை நோயாளியாக இருக்கும் தீவு இது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன்.

நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். அந்த ஆண்டு ஜூலைக்குள் இந்தியாவில் 45,000 பேருக்கு மேல் கண்டது. செய்தித்தாள்கள் 'கருப்புப் பூஞ்சை' என்றன. அந்தப் பெயரோடு எனக்குத் தீராத சண்டை. பூஞ்சை கருப்பு இல்லை. அது இரத்தக் குழாய்க்குள் புகுந்து ஓட்டத்தை அடைக்கிறது. இரத்தம் போகாத சதை செத்துக் கருக்கிறது. பெயரை நம்பிக் கண்ணாடியில் கருப்பைத் தேடுகிறவர், நோய் பாதி வேலையை முடித்த பிறகுதான் அதைப் பார்ப்பார்.

இதன் வித்துகள் மண்ணிலும் அழுகிய இலையிலும் பழைய ரொட்டியிலும் இருக்கின்றன. எல்லாரும்தான் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. சர்க்கரை எகிறி இரத்தத்தில் அமிலம் கூடும்போது, கட்டுண்டு கிடந்த இரும்புச்சத்து விடுபட்டுப் பூஞ்சைக்குத் தீனியாகிறது. எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களை ஸ்டீராய்டு மந்தமாக்குகிறது. ஆக்சிஜன் தேவைப்பட்டவருக்கு ஸ்டீராய்டு உயிர் காத்த மருந்து, அதைக் குறைசொல்ல மாட்டேன். தேவையில்லாதவர் பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து வாங்கி விழுங்கியதுதான் வினை.

மூக்கு வழியே போகும் வித்து சைனஸ் என்னும் கன்னத்துக் காற்றறையில் தங்குகிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் அந்த அறையின் தரைக்கு அடியிலேயே இருக்கிறது. நடுவில் மெல்லிய எலும்புதான். அதனால் தாடை நோவு என்று முதலில் பல் மருத்துவரிடம் வருகிறார்கள். மேலே ஏறினால் கண், அதற்கும் மேலே மூளை. ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, பழுப்பாகவோ இரத்தம் கலந்தோ சளி, கன்னத்தில் மரப்பு, ஈறில் சீழ், இரட்டைப் பார்வை: கோவிட் வந்துபோன சர்க்கரை நோயாளிக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வாய்ப்பூஞ்சைக்கு வாங்கி மிச்சம் வைத்த ஃபுளூகோனசோல் மாத்திரை இதைத் தொடக்கூடத் தொடாது. இது ஒட்டிக்கொள்ளும் நோயுமில்லை; டீச்சருக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்த மருமகளிடம் இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தபோது ரிப்பன் போன்ற அகலமான இழைகள் தெரிந்தனவாம். இன்சுலின், வாரக்கணக்கில் நரம்பு வழியே ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சை மருந்து, நாள்தோறும் சிறுநீரகச் சோதனை. வலப்பக்க மேல்தாடையை எடுத்தார்கள். கண் தப்பியது.

அடுத்த மாதம் வந்த காவடியை டீச்சர் மருத்துவமனைக் கட்டிலில் கழித்தார். பிறகு அண்ணத்து ஓட்டையை மூட, பற்கள் வைத்த தட்டு ஒன்று செய்துகொடுத்தேன். 2023 காவடி முடிந்த மறுவாரம் வந்தார். வாழையிலையில் ஏழு கறியும் மென்றாராம். கடைசியில் குடித்த ரசோன், அதாவது ரசம், மட்டும் மூக்கில் ஏறிவிட்டதாம். தட்டின் பின்விளிம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொன்னார்.