ஒரு ஜிபி ரேமில் ஒன்றரை ஜிபி அடங்குவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய நெட்புக் ஒன்று கைக்கு வந்தது. ஆட்டம் என்270 பிராசசர், ஒரு ஜிபி ரேம். எடை குறைந்த லினக்ஸ் போட்டால் பறக்கும் என்றார்கள், போட்டேன். டெஸ்க்டாப் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பிரவுசரில் மூன்றாவது டேபைத் திறந்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. இசட்ரேம் போட்டால் ரேம் கூடிவிடும் என்கிறார் நண்பர். மென்பொருளைப் போட்டு ரேமைக் கூட்ட முடியுமா? இது ஏமாற்று வேலை இல்லையா?"

ஏமாற்று இல்லை. லினக்ஸின் மையமாக இருந்து ரேமையும் பிராசசரையும் பங்கிடும் கர்னலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று இது. அதற்கு முன், நிறுவும் வேலையில் வழக்கமாகக் காலை வாரும் இடங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வேறு பலரும் இதே கட்டத்தில் நிற்கிறார்கள்.

என்270 என்பது 2008-ல் வந்த சிப். அதற்கு 32 பிட் மட்டுமே தெரியும். 64 பிட் ஐஎஸ்ஓவை (லினக்ஸை நிறுவும் கோப்பு) பென்டிரைவில் எழுதிச் சொருகினால், இந்த சிபியு ஒத்துவராது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும். பென்டிரைவின் மேல் பழி போட வேண்டாம். 2010-ல் வந்த என்450-க்கு 64 பிட் உண்டு. 32 பிட்டுக்கோ வருடா வருடம் இடம் சுருங்குகிறது. குரோம் பிரவுசர் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. லினக்ஸ் வகைகளில் உபுண்டு 17.10 முதல் 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. ஆகவே உங்களுக்கு டெபியன் 12, அல்லது அதை அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23தான் பொருந்தும்.

திரை கறுப்பாகவே நின்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் கர்னல் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சின்ன மென்பொருள் விவகாரம். டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே நிறைய ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. சில பிராட்காம் சிப்புகளுக்கு மட்டும் தனியாக இறக்க வேண்டும், அன்றைக்கு லேன் கேபிள் கைவசம் இருக்கட்டும். அப்புறம் அந்த 1024-க்கு 600 திரை. பல அமைப்பு ஜன்னல்கள் 600 புள்ளிக்கு மேல் உயரமானவை, ஓகே பட்டன் திரைக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். ஆல்ட் விசையைப் பிடித்தபடி ஜன்னலின் எந்த இடத்தையாவது மவுஸால் பிடித்து மேலே இழுங்கள். பட்டன் வந்துவிடும்.

சரி, கேள்விக்கு வருவோம். லினக்ஸ் எடை குறைந்ததாக இருந்தும் ஏன் உறைகிறது?

எடை குறைந்தது லினக்ஸின் டெஸ்க்டாப் பகுதிதான். ஆன்டிஎக்ஸ் மாதிரி ஒன்று, எதையும் திறக்காத நிலையில் ஒரு ஜிபியில் பெரும்பகுதியை உங்களுக்கு விட்டுவைக்கும். ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒன்று தனியாகவே சில நூறு எம்பி கேட்கும். எந்த லினக்ஸ் போட்டாலும் அந்தப் பக்கம் இளைக்கப்போவதில்லை. டெர்மினலில் விஎம்ஸ்டாட் 1 என்று அடித்துவிட்டு அந்த மூன்றாவது டேபைத் திறந்து பாருங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்திகள் இருக்கும். ரேமில் இடமில்லாதவற்றை டிஸ்கில் ஒதுக்கிவைப்பதுதான் ஸ்வாப், அது டிஸ்கிலிருந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் இவை காட்டும். அதுவரை பூஜ்யமாகக் கிடந்தவை ஆயிரக்கணக்கில் ஓடத் தொடங்கினால், நோய் ரேம் பற்றாக்குறைதான்.

கர்னல் ரேமை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு ஜிபியில் 2,62,144 பக்கங்கள். இடம் தீரும்போது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களைத் தேடி எடுத்து டிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதியில் எழுதிவிட்டு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கும். கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை: அந்த நிரலின் பக்க அட்டவணையில் "இந்தப் பக்கம் இருக்கிறது" என்று சொல்லும் ஒற்றை பிட்டை அணைத்துவிடும்.

நிரலுக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு கட்டத்தில் அந்தப் பக்கத்திலுள்ள ஏதோ ஒரு எண்ணைக் கேட்கும். பிராசசர் அட்டவணையைப் பார்க்கும். பிட் அணைந்திருக்கிறது. உடனே அந்தக் கட்டளையை அரைகுறையாக நிறுத்திவிட்டு கர்னலைக் கூப்பிடும். கர்னல் அந்தப் பக்கத்தை எங்கே வைத்தோம் என்று பார்த்து, கொண்டுவந்து ரேமில் போட்டு, பிட்டை ஏற்றிவிட்டு, நிறுத்திய அதே கட்டளையை மறுபடி ஓடவிடும். இம்முறை எண் கிடைத்துவிடும். நடுவில் தன்னை உறங்கவைத்தார்கள் என்பதே நிரலுக்குத் தெரியாது.

தெரியாதது நிரலுக்குத்தான், உங்களுக்கு நன்றாகவே தெரியும். நெட்புக்கில் இருக்கும் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுவது. கேட்ட இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி வினாடி. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்குப் பத்து, பதினைந்து மில்லி வினாடி ஆகிவிடும். 1.6 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் அந்த நேரத்தில் இரண்டு கோடித் துடிப்புகளைச் சும்மா கடத்துகிறது. மவுஸ் அம்பை நகர்த்தும் நிரலின் பக்கமும் வெளியே போயிருந்தால், அம்பு நகர்வதும் டிஸ்க் சுற்றுவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இசட்ரேம் தலைநீட்டுவது இந்த இடத்தில். ரேமுக்குள்ளேயே ஒரு பொய்யான டிஸ்கை அது உருவாக்குகிறது. கர்னல் அதை மற்றொரு ஸ்வாப் டிஸ்க் என்றே நம்பி ஒரு பக்கத்தை எழுதுகிறது. இசட்ரேம் அதை வாங்கிச் சுருக்கி, சுருங்கியதை ரேமில் ஒரு ஓரத்தில் வைக்கிறது. இந்த வாரம் தேவைப்படாத துணிகளைப் பரணில் ஏற்றாமல், இறுக்க மடித்து அதே அலமாரியின் மூலையில் வைப்பது போல. திரும்பக் கேட்டால் ஏணி தேட வேண்டியதில்லை, பிரித்துக் கொடுத்தால் போதும். மில்லி வினாடி எடுத்த வேலை மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடும். சுருக்குவதற்கு பிராசசர் நேரம் செலவாகும்தான். ஆனால் அந்த நேரம், டிஸ்குக்காகக் காத்துக்கிடந்து எப்படியும் வீணாகப் போகவிருந்த நேரம்.

எவ்வளவு சுருங்கும்? ஆப்ரகாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் என்ற இருவர் 1977-ல் வெளியிட்ட யோசனைதான் இதற்கு அடிப்படை. ஏற்கெனவே வந்தது மறுபடி வந்தால், திரும்ப எழுதாதே. எங்கே வந்தது, எவ்வளவு நீளம் என்று மட்டும் குறித்துவை. இந்த வரியைப் பாருங்கள்:

வந்தவன் சொன்னதையே சொன்னான், போனவன் சொன்னதையே சொன்னான்.

தமிழின் ஒவ்வொரு குறியீடும், புள்ளியும் கொம்பும் துணைக்காலும் உட்பட, யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். "போன" என்பதற்குப் பின்னால் வரும் "வன் சொன்னதையே சொன்னான்" என்ற துண்டில் 20 குறியீடுகள், 2 இடைவெளிகள். மொத்தம் 62 பைட். 73 பைட் பின்னால் போனால் இதே துண்டு அப்படியே இருக்கிறது. ஆகவே 62 பைட்டுக்குப் பதிலாக "73 பின்னே போ, 62 நகலெடு" என்று குறித்தால் போதும். எல்இசட்4 என்ற முறையில் அந்தக் குறிப்புக்கு ஏறக்குறைய நான்கே பைட். நிரல்களின் நினைவகத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வருபவை ஏராளம்: ஒரே வடிவில் அடுக்கிய அட்டவணைகள், ஒரே மாதிரித் தொடங்கும் முகவரிகள், அப்புறம் வெறும் பூஜ்யங்கள். முழுப் பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் இசட்ரேம் சுருக்கக்கூட மெனக்கெடுவதில்லை. அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு 4096 பைட்டையும் விடுவித்துவிடும்.

இதற்கு அடுத்த படியை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் உச்சம். ஒரு பக்கம் 1400 பைட்டாகச் சுருங்கியது என்று வையுங்கள். ஒரு 4096-க்குள் இப்படி இரண்டுதான் அடங்கும், மீதி 1296 பைட் வீண். மூன்று பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறு துண்டு. இந்த விரயத்தை விட்டால் சுருக்கிய லாபத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே இசட்ஸ்மாலக் என்ற பங்கீட்டாளர், ரேமில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒட்டவைத்து ஒரே நீளப் பட்டையாகக் கருதிக்கொள்கிறது. துண்டு ஒரு பக்கத்தின் முடிவில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியலாம். இப்போது அதே மூன்று பக்கத்தில் 12,288 பைட், 1400 வீதம் எட்டு துண்டு. இரண்டு துண்டுதான் கூடுதல். ஆனால் லட்சக்கணக்கான பக்கங்களுக்கு இதைச் செய்யும்போது அந்த நெட்புக்குக்கு அது வாழ்வா சாவா.

மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 1024 எம்பி சரக்கு இசட்ரேமுக்குள் போனால் அது பிடிக்கும் இடம் 341 எம்பி. மீதி 683 எம்பி வழக்கமான ரேம். இரண்டும் சேர்த்து 1707 எம்பி சரக்கு. இரண்டு பங்குக்கு ஒன்று என்று சுருங்கினாலும் ஒன்றரை ஜிபி வருகிறது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் வீடியோக்களும் மட்டும் மசியாது, அவற்றை அது அப்படியே வைத்துக்கொள்ளும்.

இதைத் தொடங்கியவர் நிதின் குப்தா, அப்போது பெயர் காம்ப்கேஷ். சோதனைப் பகுதியில் நெடுநாள் கிடந்து, 2014-ல் கர்னல் 3.14-ல் முறைப்படி இடம்பிடித்தது. இன்று ஆண்ட்ராய்டு போன்களில் ஓடுகிறது, ஃபெடோரா 33 முதல் தானாகவே வருகிறது. ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணினிகளைத் தூக்கியெறிந்து புதியவை வாங்க எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்குகிறார்கள். இருக்கிற கணினியில் ரேமை ஒன்றரை மடங்காக்கும் நிரலைப் பற்றி அந்தத் திட்டங்கள் யோசிப்பதில்லை. 32 பிட் சாவதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் இல்லை, அதைச் சோதித்துப் பார்க்க ஆளும் சம்பளமும் இல்லை என்பதும்தான்.

ரேம் விஷயத்தில் மூடநம்பிக்கைகளும் கொஞ்சநஞ்சமில்லை. டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து பத்து முறை ரிஃப்ரெஷ் அடித்தால் வேகம் கூடும் என்பது ஒன்று. அது ஐகான்களைத் திரும்ப வரைவதோடு சரி. "ரேமைச் சுத்தம் செய்யும்" ஸ்கிரிப்ட் இன்னொன்று. டிஸ்கிலிருந்து படித்ததைக் கர்னல் காலி ரேமில் வைத்திருக்கிறது, அதைத் துடைத்தால் மறுபடி டிஸ்கிலிருந்தே படிக்க வேண்டும். ஃப்ரீ கட்டளையில் அவெய்லபிள் பத்தியைப் பாருங்கள், ஃப்ரீ பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மிக ஆபத்தானது மூன்றாவது: டிஸ்க் விளக்கு எரிகிறதே என்று ஸ்வாப்பையே அணைத்துவிடுவது. விளக்கு அப்போதும் எரியும்! நிரலின் கட்டளைகள் இருக்கும் பக்கங்களுக்கு டிஸ்கில் ஏற்கெனவே மூலக் கோப்பு இருக்கிறது. ஆகவே கர்னல் அவற்றை எழுதாமலே தூக்கியெறியலாம். ஸ்வாப் இல்லாதபோது தூக்கியெறிய வேறு எதுவும் மிஞ்சாது. ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசரின் கட்டளைகளையே எறிந்துவிட்டு, அடுத்த நொடி திரும்பப் படிக்கும், மறுபடி எறியும்.

இனி செய்ய வேண்டியது. டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் ஆல்கோ என்ற இடத்தில் எல்இசட்4, பர்சென்ட் என்ற இடத்தில் 100 என்று போட்டு மறுபடி பூட் செய்யுங்கள். இசட்எஸ்டிடி என்ற மற்றொரு முறை இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் ஒற்றைக் கோர் ஆட்டம் அதற்கு மூச்சுவாங்கும். அடுத்து ஸ்வாப்பினஸ், அதாவது பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்பக் கர்னல் காட்டும் ஆர்வத்தின் அளவு. வழக்கமான 60 என்பது டிஸ்க் ஸ்வாப்பை மனதில் வைத்து வந்த எண். இசட்ரேமுடன் 100-ஓ அதற்கு மேலோ வைக்கலாம், கர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்றுக்கொள்கிறது. அப்போது கர்னல், கோப்புப் பக்கங்களை எறிவதற்குப் பதில் சும்மா கிடக்கும் தரவுப் பக்கங்களை மடித்துவைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. இசட்ரேமோடு டிஸ்க் ஸ்வாப்பையும் வைத்திருந்தால், முதலில் வந்த பழைய பக்கங்கள் இசட்ரேமை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பின்னால் வரும், அடிக்கடி தேவைப்படும் சூடான பக்கங்கள் டிஸ்குக்குப் போகும். இருக்க வேண்டியதற்கு நேர் தலைகீழ். உங்களுக்கு டிஸ்க் ஸ்வாப்பும் அவசியம் என்றால் இசட்ஸ்வாப் என்ற உடன்பிறப்பு பொருத்தம். அதுவும் சுருக்கித்தான் வைக்கும், ஆனால் நிரம்பும்போது பழசை டிஸ்குக்குத் தள்ளும். இரண்டையும் ஒன்றாக ஓட்ட வேண்டாம். மூடி வைக்கும்போது ஹைபர்நேட் செய்யும் பழக்கம் இருந்தால் டிஸ்க் ஸ்வாப்பை விட்டுவிடாதீர்கள். இசட்ரேம் மின்சாரம் போனால் அழிந்துவிடும், அதில் ஹைபர்நேட் செய்ய முடியாது.

போட்ட பிறகு இசட்ரேம்கன்ட்ரோல் கட்டளையை அடித்து டேட்டா, காம்ப்ர், டோட்டல் ஆகிய மூன்று பத்திகளைப் பாருங்கள். டேட்டாவை டோட்டலால் வகுத்தால் உங்கள் நெட்புக் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று வரும். இரண்டுக்குக் கீழே இருந்தால் பிரவுசரில் படங்கள் நிறைந்த டேப்கள் திறந்திருக்கின்றன என்று கொள்ளலாம். வீடியோவுக்கு இதில் எந்த மருந்தும் இல்லை. அதில் திணறுவது பிராசசர், அதற்கு 480 வரித் தரமும் எம்பிவி மாதிரித் தனி பிளேயரும்தான் வழி.