காற்றைக் குறைத்தால் பயணம் எளிது

காட்டுப் பாதையில் இறங்கும் முன் பழகிய மலை சைக்கிள்காரர்கள் செய்யும் முதல் வேலை, டயரிலிருந்து காற்றை இறக்குவது. வால்வின் முனையை விரலால் அழுத்துகிறார்கள்; 'புஸ்' என்று காற்று வெளியேறுகிறது. பிறகு கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்க்கிறார்கள். பழுத்த சாத்துக்குடியைப் போல் அது சற்றே உள்வாங்க வேண்டும். கல்லைப் போல் காற்றடித்தால்தான் சைக்கிள் ஓடும் என்று வாடகை சைக்கிள் கடைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். அந்தப் பாடம் தார்ச்சாலைக்குச் சரி. மரவேர்கள் குறுக்கே ஓடும் பாதையில் கணக்கு மாறிவிடுகிறது.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ரோட்டொருவா நகரை ஒட்டியிருக்கும் ஃபகரேவரேவா காட்டை எடுத்துக்கொள்வோம். 2006இல் மலை சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டி நடந்த இடம். போட்டியாளர்களுக்கான செங்குத்துச் சரிவுகள் ஒருபுறம் இருக்க, காட்டைச் சுற்றிவர ஏறக்குறைய 33 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வட்டப்பாதையும் உண்டு. 1901இல் நட்ட கலிபோர்னிய ரெட்வுட் மரங்கள் வானளாவி நிற்கும் தோப்பு இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அந்த வட்டப்பாதை நீல நிற டிகிடாபு ஏரியைத் தொட்டுச் செல்கிறது. அதன் அண்டை ஏரியான ரோட்டொகாகாஹி பச்சை நிறம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் 'ரோட்டொ' என்றால் ஏரி, 'காகாஹி' என்றால் நன்னீர்ச் சிப்பி. அது மாவோரி மக்களுக்குப் புனிதமான ஏரி. யாரும் அதில் குளிக்க இறங்குவதில்லை. மேட்டில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு நகர்வதே முறை.

இப்போது வேருக்கு வருவோம். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் போல் காற்றடித்த டயர் 2 சென்டிமீட்டர் உயரமுள்ள வேரில் ஏறினால், அந்த 90 கிலோவும் 2 சென்டிமீட்டர் மேலே தூக்கப்பட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 18 ஜூல் ஆற்றல் வேண்டும். தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில், 2 மீட்டருக்கு ஒரு வேர் வந்தால், நொடிக்கு இரண்டு முறை இந்தச் செலவு. அதாவது 35 வாட். நிதானமாக மிதிக்கும் ஒருவர் கொடுப்பதே 100 வாட் அளவுதான். மூன்றில் ஒரு பங்கு வேர்களுக்கே போய்விடுகிறது! மறுபக்கம் இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இடிபட்ட உடம்பு குலுங்குகிறது. தோளும் தொடையும் அந்த அதிர்வை வாங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. அந்த ஆற்றல் சக்கரத்துக்குத் திரும்புவதே இல்லை. மாலையில் கால் வலிப்பதற்கு முன்பே கையும் முதுகும் வலிப்பது இதனால்தான்.

மெத்தென்ற டயர் வேரின் மேல் ஏறுவதற்குப் பதிலாக வேரைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. வேர் பட்ட இடத்தில் மட்டும் ரப்பர் குழிந்து மீள்கிறது. சைக்கிளும் ஆளும் ஏறக்குறைய அதே மட்டத்தில் நகர்கிறார்கள். பிடிப்பும் கூடுகிறது. பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ எடை இருந்தால், 40 பி.எஸ்.ஐ. (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 36 ஆகிறது, உள்ளங்கையில் பாதி. ஈர வேரின் மேல் வழுக்காமல் போவதற்கு இந்தக் கூடுதல் பரப்பு பெரிய துணை.

இதற்கு விலை உண்டு. ரப்பர் வளையும் ஒவ்வொரு முறையும், வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. கொஞ்சம் சூடாகிப் போகிறது. வழவழப்பான தார்ச்சாலையில் இந்த இழப்பு மட்டுமே மிஞ்சும் என்பதால் அங்கே கெட்டியான டயர் வெல்கிறது. 1887-88இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்து மாட்டினார். கரடுமுரடான தரையில் அது கெட்டி ரப்பரைவிடச் சுலபமாக உருண்டது. காட்டில் காற்றை இறக்குபவர்கள் அதே கண்டுபிடிப்பை இன்னும் ஒரு படி தள்ளுகிறார்கள், அவ்வளவுதான்.

ரோட்டொருவாவின் தரையும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, கிட்டத்தட்ட சென்னை அளவு. ஆனாலும் பாதை சேறாகி நிற்பதில்லை. காரணம், நாம் குதிகாலைத் தேய்க்கப் பயன்படுத்தும் அதே பியூமிஸ் கல். எரிமலை வெடிக்கும்போது குழம்பிலுள்ள வாயு நுரைத்து, அந்த நுரை அப்படியே உறைந்து கல்லாகிறது. ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள்: கையில் கனமே தெரியாது, உடல் முழுக்கக் கண்கள், தண்ணீரில் போட்டால் மிதக்கும். இந்தக் கல்லின் பொடியும் மணலும் கலந்த மண்ணில் மழைநீர் சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. டிகிடாபு ஏரியின் நீல நிறத்துக்கும் அடியில் கிடக்கும் இந்த வெளிர்நிறக் கல்லையே காரணமாகச் சொல்கிறார்கள். டயருக்குள்ளும் காற்று, டயருக்குக் கீழே உள்ள கல்லுக்குள்ளும் காற்று என்று நினைக்கையில் எனக்கு அந்தப் பாதையின் மேல் தனி மரியாதையே வந்துவிடுகிறது.

வேர்களை டயர் பார்த்துக்கொள்ளும்; மேடுகளுக்குக் கியர் இருக்கிறது. முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்று செயினை மாற்றினால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஒன்றரை மீட்டர்கூட நகராது. மெதுவாகத்தான் போகும். ஆனால் மூச்சு வாங்காமல் ஏறலாம்.

காற்றை எவ்வளவு இறக்கலாம்? மலை சைக்கிளின் டயர் 6 சென்டிமீட்டர் அளவுக்கு அகலமாக இருப்பது, குழிவதற்கு ஆழம் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஆழமும் தீர்ந்தால் ரிம் நேராக வேரில் மோதும். உள்ளே ட்யூப் இருந்தால் வேருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததைப் போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். அதனால்தான் பலர் ட்யூபே இல்லாமல், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றி ஓட்டுகிறார்கள். முதல் கிலோமீட்டரில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வேரில் ஏறும்போது 'தொப்' என்று கேட்டால் சரி. 'டங்' என்று உலோகம் ஒலித்தால், நிறுத்தி இறங்கி, பம்பை எடுத்து இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொள்ளுங்கள்.