ஓட்ஸ் வாஃபிள்: சீனி வருத்தக்காரர் கணக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வாஃபிள் மெஷினை அனுப்பிவிட்டு, "பாணை விடுங்கோ அம்மா, இனி ஓட்ஸ் வாஃபிள் சாப்பிடுங்கோ" என்று போனில் சொல்லிவிட, மட்டக்களப்பில் என்னிடம் சாப்பாட்டு ஆலோசனைக்கு வருகிற சிலரின் காலைத் தட்டில் இப்போது இதுதான். கெட்ட சாப்பாடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓட்ஸிலும் மாச்சத்துத்தான் கூட, அது ஏனோ மறந்துபோகிறது.

100 கிராம் ஓட்ஸில் 60 கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கிறது. அந்த அளவில் நாலு வாஃபிள் சுட்டு இரண்டைச் சாப்பிட்டால், பாலையும் சேர்த்துப் பார்க்க இரண்டு துண்டுப் பாணைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். "சீனி போடவே இல்ல மிஸ், தேன்தான் ஊத்தினேன்" என்பார்கள். தேனோ கித்துள் பாணியோ, ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் இன்னொரு துண்டுப் பாண் சாப்பிட்ட கணக்கு. நம்முடைய சட்டித் தயிரில் இரண்டு கரண்டி வைத்து, கொஞ்சம் கறுவாத் தூள் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள், பாணியைத் தேட மாட்டீர்கள்.

அப்புறம் எந்த ஓட்ஸ் என்பது. ஓட்ஸின் நல்ல பெயருக்குக் காரணம் பீட்டா குளுக்கன் என்கிற நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் கொஞ்சம் குறையும், வயிற்றில் கூழாகி சீனி ஏறுவதையும் மெதுவாக்கும். ஆனால் அதே ஓட்ஸை மிக்சியில் பவுடர் போல அரைத்தால் வேகமாகச் சமித்துவிடும். அதனால் தட்டையான பெரிய ஓட்ஸை வாங்கி, ரவைப் பதத்தோடு நிறுத்துங்கள். வாசனை சேர்த்த சின்னப் பைக்கட்டு ஓட்ஸ் வேண்டவே வேண்டாம், பின்பக்கம் பார்த்தால் சீனி எழுதியிருக்கும்.

100 கிராம் ஓட்ஸுக்கு இரண்டு முட்டை, 150 மில்லிலீற்றர் பால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. கலந்தவுடன் கரைசல் தண்ணீராகத்தான் இருக்கும், பயந்துபோய் மேலும் ஓட்ஸ் கொட்டாதீர்கள். பத்து நிமிஷம் வைத்தால் கரண்டியிலிருந்து வழுக்கி விழுகிற பதத்துக்கு இறுகிவிடும். கோதுமை மாவில் இருக்கிற பசைத்தன்மை ஓட்ஸில் இல்லை, சேர்த்துப் பிடிப்பது முட்டைதான், ஆகவே மெஷினை அவசரப்பட்டுத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிரிந்து மேல் தட்டில் பாதி, கீழ்த் தட்டில் பாதி ஒட்டிக்கொள்ளும். ஓரத்தால் வரும் ஆவி நன்றாகக் குறைந்த பிறகு திறவுங்கள். மெஷின் இல்லையா, சரி, தோசைக்கல்லில் தடிப்பாக ஊற்றி மூடிச் சுட்டாலும் இதே சத்துத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்துவிட்டு, மெலிய வேண்டும் என்று அரை வாஃபிளோடு எழும்புகிறவர்களுக்குப் பத்துப் பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அது சீனி இறங்குகிற அறிகுறி. சாப்பாட்டைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவையும் அவர்தான் பார்க்க வேண்டும். சிறுநீரக வருத்தமும் உள்ளவர்கள் ஓட்ஸையும் பேக்கிங் பவுடரையும் பற்றித் தனியாகக் கேளுங்கள், இரண்டிலும் பொஸ்பரஸ் இருக்கிறது. மற்றவர்கள், வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை குத்திப் பார்த்து அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு ஒரு வாஃபிளா இரண்டா என்பதை அதை வைத்தே பேசலாம்.