கார்டில் ஒற்றைக் கோடு வந்தவர்களுக்கு

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் இருக்கிறது என் மருந்துக் கடை. சாயங்காலம் ஷிப்ட் விட்டால் அரை மணி நேரத்துக்கு வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. தலைவலி மாத்திரை, கால்வலித் தைலம், பிள்ளைக்கு இருமல் டானிக் என்று போகும். நடுவில் யாராவது ஒருவர் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அந்தக் கார்டு ஒண்ணு குடுங்க" என்பார். ரேஷன் கார்டா, சிம் கார்டா என்று நான் கேட்பதில்லை. கர்ப்பம் பார்க்கிற கார்டைக் காகித உறையில் போட்டு நீட்டிவிடுவேன்.

இருபது வருடமாக அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். சில வருடங்களாக உறையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வியும் கேட்கிறேன்: "வீட்ல ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடறாங்களாங்க?" பெரும்பாலும் வரும் பதில்: "இன்னும் உண்டாகவே இல்லீங்களே, அதுக்குள்ள எதுக்குங்க?"

கடைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. கூட்டமில்லாத நேரமென்றால் அதில் விரல் வைத்துக் கணக்கைக் காட்டுவேன். மார்ச் 1ஆம் தேதி மாதவிலக்கு வந்த பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரு தரிப்பது ஏறக்குறைய 15ஆம் தேதி. அடுத்த மாதவிலக்கு வரவேண்டிய நாள் 29. வரவில்லை. நாலு நாள் பார்க்கலாம் என்று பார்த்து, கார்டு வாங்கும்போது ஏப்ரல் பிறந்துவிடும். "ரெண்டு மாசம் நிக்கட்டும், அப்பறம் ஆசுபத்திரி போலாம்" என்று மாமியார் சொல்வார். மூணு மாசம் முடியாமல் வெளியே சொல்லவும் கூடாது. டாக்டர் சீட்டில் ஃபோலிக் அமிலம் எழுதி, அது என் கைக்கு வரும்போது மே மாதம். ஆனால் பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு தரித்த 28 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 12 வாக்கிலேயே, மூடி முடிந்திருக்கும். எந்த வேலைக்காக மாத்திரை முக்கியமாகத் தேவைப்பட்டதோ அந்த வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து மாத்திரை வீட்டுக்குள் நுழைகிறது.

அந்தக் குழாய் எப்படி மூடுகிறது என்பதை எங்கள் பக்கத்து டெய்லர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தட்டையான துணியைச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் குழாய். கருவின் முதுகுப் பக்கம் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மேல் முனையில் தையல் விட்டுப்போனால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது. அந்தப் பிள்ளை பிழைப்பதில்லை. கீழே விட்டுப்போனால் தண்டுவடப் பிளவு. இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாமல், மூத்திரம் அடக்க முடியாமல், ஆபரேஷன் மேல் ஆபரேஷனாக வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் செல்கள் வெறித்தனமான வேகத்தில் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் புது மரபணுப் படி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் என்கிற வைட்டமின் வேண்டும். அதையே மாத்திரையாகச் செய்தால் ஃபோலிக் அமிலம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்றால் என்ன ஆகும் என்று ஓவர்லாக் அடிப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் முதுகெலும்பு பிளந்திருப்பது தெரிந்து, கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. மாத்திரை வாங்க வந்தவர் கண்ணாடி மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, "கெரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டான்னு எங்கம்மா அவளயப் போட்டுத் திட்டுதுங்க" என்றார். கிரகணமும் இல்லை, கண்ணேறும் இல்லை, அந்தப் பெண்ணின் தப்பும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மாத்திரை தின்றவர்களுக்கும் அபூர்வமாக இப்படி நேர்வதுண்டு, தின்னாதவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளையே பிறக்கிறது. ஆனால் அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி ஒருமுறை ஆனவர்களுக்கு அடுத்த முறையும் ஆகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 1991இல் வெளிவந்த பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு அப்படிப்பட்ட பெண்களிடம்தான் நடந்தது. 7 நாடுகள், 33 மையங்கள். கரு தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் இந்தக் குறை 72 சதவீதம் குறைந்தது. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும் முன்னால் டாக்டரைப் பார்த்து, மாத்திரையைத் தொடங்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றேன். தலையாட்டினார். போனார்.

இந்த மருந்தின் கதை நம் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போனது என்பது பலருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளுக்கு வருகிற ஒருவகைக் கடுமையான ரத்தசோகைக்குக் காரணம் தேடினார். அவர் பார்த்த ஏழைப் பெண்களில் துணி மில்லில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். 1929இல் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை பார்த்தார். விலை மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தெளிகிறது என்று 1931இல் எழுதினார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று மட்டும் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து, 1941இல், டன் கணக்கில் பசலை வகைக் கீரையை அரைத்துப் பிரித்தெடுத்தவர்கள்தான் லத்தீனில் இலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். மில்காரப் பெண்களால் தெரியவந்த மருந்து, மில்காரப் பெண்களுக்கே பிந்திக் கிடைக்கிறது என்பது எனக்கு நெருடல்தான்.

"இலையில இருக்குதுன்னா முருங்கைக்கீரை திங்கறோம், மாத்திரை எதுக்கு?" நியாயமான கேள்வி. கீரை, பாசிப்பயறு, தட்டப்பயறு, கொள்ளு, நிலக்கடலை, முட்டை எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. சிக்கல் அடுப்பில். இது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் நல்லது பாதி சாக்கடைக்குப் போகும். நம் அமுச்சிகள் கொள்ளை வேகவைத்து, பருப்பைக் கடைந்துவிட்டு, வடித்த தண்ணீரில் ரசம் வைப்பார்களே, அதைவிடப் புத்திசாலித்தனமான சமையல் வேறில்லை. கடைந்த கீரையும் அப்படித்தான், வெந்த தண்ணீர் சட்டிக்குள்ளேயே இருக்கும். ஆனால் காலை டிபன் டப்பாவில் தக்காளிச் சாதம், மதியம் அதுவே, ராத்திரி ஓவர்டைம் முடித்து பரோட்டா என்று ஓடுகிற பெண்ணிடம் போய்க் கீரையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் உணவில் இருப்பதைவிட நன்றாகவே உடலில் சேர்கிறது. கீரையும் தின்னட்டும், மாத்திரையும் போடட்டும்.

ரேஷன் அரிசியில் சத்துக் குருணை கலந்து வந்தபோது "பிளாஸ்டிக் அரிசி" என்று முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் சேர்த்து அரிசி வடிவில் வார்த்தது அது. காசு கொடுக்காமல் வந்த மருந்தைக் கோழிக்குப் போட்டார்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் திட்டமிடும் சாதாரணப் பெண்ணுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடைகளில் சட்டென்று கைக்கு வருவதோ 5 மில்லிகிராம் மாத்திரை, பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அது முன்பு குறையுள்ள கர்ப்பம் ஆனவர்களுக்கும், சர்க்கரை, வலிப்பு மாதிரி காரணம் உள்ளவர்களுக்கும் டாக்டர் எழுதுவது. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிப் போகாதீர்கள். கடைக்காரனே சொல்கிறேன்.

வலிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார். மகளுக்கு வலிப்பு மாத்திரை, வால்ப்ரோயேட், ரெண்டு மாசத்துக்கு வேண்டும். "மாப்ள ஊட்டுக்குத் தெரியாதுங்கண்ணா, வைட்டமின் டப்பாவுல போட்டுக் குடுத்துருங்க." அவர் பயம் எனக்குப் புரிந்தது. போட்டுக் கொடுக்கவில்லை. வயிற்றுப்பிள்ளையின் தண்டுவடத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளில் அது முக்கியமானது. தானாக நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்பு வந்து விழுந்தால் தாய்க்கே கேடு. கல்யாணத்துக்கு முன்பே நரம்பு டாக்டரைப் பார்த்தால் வேறு மருந்துக்கு மாற்றலாமா, எவ்வளவு ஃபோலிக் அமிலம் என்று அவர் சொல்வார். பத்திரிகை வைக்கப் போகிற அலைச்சலில் அந்த ஓர் அரைநாளை யாரும் ஒதுக்குவதில்லை. அந்த அம்மா ஒதுக்கினார்.

என் கடையில் நடந்த ஒரு பிசகையும் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் சேர்த்து எழுதுவார்கள். முன்னது வாரம் ஒரே ஒரு நாள். ஃபோலிக் அமிலம் அதன் பக்கவிளைவைக் குறைக்க, வேறு நாட்களில். இரண்டும் குட்டி மஞ்சள் மாத்திரைகள். வயதான ஒரு பாட்டிக்கு வாயால் சொல்லி அனுப்பினேன், உறை மேல் எழுதவில்லை. ஐந்தாம் நாள், "வாயெல்லாம் புண்ணுங்க சாமி, தண்ணிகூட எறங்கல" என்று களிம்பு கேட்டு வந்து நின்றார். மாற்றிப் போட்டிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்போதே ஆட்டோ வைத்துப் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மெத்தோட்ரெக்சேட் அட்டை மேல் 'திங்கள் மட்டும்' என்று சிவப்பு மார்க்கரில் எழுதாமல் கொடுப்பதில்லை.

ரத்தம் ஊறட்டும் என்று மாசக் கணக்கில் தாங்களாகவே ஃபோலிக் அமிலம் தின்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அசைவம் தொடாதவர்கள், சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். உங்களுக்குக் குறைவது பி12 ஆக இருந்தால், ஃபோலிக் அமிலம் ரத்தத்தைத் தேற்றிக் காட்டிவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் முதலில் பி12 அளவைப் பாருங்கள்.

போன மாசம் கார்டு வாங்கிப் போன ஒரு பையன் மறுநாள் காலை கடை திறக்கும்போதே வந்தான். பேச்சைக் கேட்டால் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கும் போல. முகம் வாடியிருந்தது.

"ஒரு கோடுதானுங்க வந்துச்சு. அடுத்த மாசத்துக்கு இன்னொரு கார்டு இப்பவே வாங்கி வெச்சுக்கலாமுங்களா?"

"வாங்குங்க. வலிப்பு, சர்க்கரைக்கு மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களா அம்முணி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

கார்டையும் 400 மைக்ரோகிராம் அட்டை மூன்றையும் உறையில் போட்டு, 'தினம் 1, இன்று ராத்திரியிலிருந்து' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனான்.