காய்ந்த இலையும் எரியும் திரியும்: பிரைடல் ஷவருக்கு வீட்டிலேயே அலங்காரம் செய்பவர்கள் கவனத்துக்கு

விழா அலங்காரம் என் தொழில். இலையுதிர்காலம் தொடங்கியதும் என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்களில் ஒரு பகுதியினர் வேலை கொடுப்பதற்காக அழைப்பதில்லை. எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிட்டு, விழாவுக்கு முந்தைய நாள் ஏதோ தவறிப்போன பிறகு யோசனை கேட்பதற்காக அழைக்கிறார்கள். மணப்பெண்ணுக்காகத் தோழிகளும் உறவுப் பெண்களும் கூடி நடத்தும் பிரைடல் ஷவர், பெரும்பாலும் யாரேனும் ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் சில மணி நேரம் நடந்து முடிகிற சிறிய நிகழ்ச்சி. அதற்குப் பணம் கொடுத்து என்னைப் போன்ற ஒருவரை அமர்த்தத் தேவையில்லை என்பதே என் கருத்தும். மரத்தடியில் கிடக்கும் இலை, பைன் கூம்பு, இரண்டு மூன்று சிறு பூசணிக்காய், காலியான கண்ணாடி ஜாடிகள், ஒரு சுருள் சணல் கயிறு ஆகியவையே போதும். ஆனால் இவற்றில் சும்மா கிடைக்கும் இலை, கூம்பு போன்றவை ஈரமும் உயிரும் உள்ளவை. காய்ந்த பிறகு எளிதில் தீப்பற்றுபவை. என்னிடம் வருகிற புகார்கள் ஏறத்தாழ அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வந்தவையே.

முதலில் இலை. காலையில் பொறுக்கிய மேப்பிள் இலைகளை அன்றைக்கே கயிற்றில் கோத்துத் தோரணமாகக் கட்டினால், அவை மறுநாளே ஓரம் சுருண்டு, நிறம் மங்கி நிற்கும். நடு நரம்பைவிட ஓரம் மெல்லியது என்பதால் அங்கே நீர் முதலில் வற்றுகிறது. அந்த இழுப்பில் இலை உள்ளங்கை மூடுவதுபோல் மடங்கிக்கொள்கிறது. இதைத் தடுக்க, இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி செய்தித்தாள்களுக்கு இடையில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை விட்டுவைக்க வேண்டும். முதல் மூன்று நாள்கள் தாளை மாற்றுவது அவசியம். மாற்றாவிட்டால் ஈரம் தங்கி இலையில் பூஞ்சை படரும். வந்திருப்பவர்களில் ஆஸ்துமா உள்ளவர் ஒருவர் இருந்தால், பூஞ்சை படர்ந்த தோரணம் அவருக்கு மூச்சிரைப்பையே கொண்டுவரலாம்.

கிளையோடு ஜாடியில் நிறுத்த விரும்புபவர்கள் கிளிசரினைப் பயன்படுத்தலாம். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, கிளையின் அடிப்பகுதியைச் சுத்தியலால் லேசாக நசுக்கி, அந்தக் கலவையில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால் இலைகள் நொறுங்காமல் தோல்போல் மெத்தென்று நிற்கும். இதில் பலரும் செய்கிற பிழை, நன்றாகச் சிவந்து முடிந்த கிளையைத் தேர்ந்தெடுப்பது. மரம் இலையை உதிர்க்கத் தயாராகும்போது காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் உருவாகிவிடுவதால், அதற்குப் பிறகு கலவை இலைக்குள் ஏறாது. ஆகவே பச்சையாகவோ நிறம் மாறத் தொடங்கிய நிலையிலோ உள்ள கிளையைத்தான் வெட்ட வேண்டும்.

இலை பொறுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வட அமெரிக்காவில் காடோரங்களிலும் வேலியோரங்களிலும் படரும் பாய்சன் ஐவி என்ற கொடி, இலையுதிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக மாறும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருப்பது அதன் அடையாளம். அதிலுள்ள உருஷியால் என்னும் எண்ணெய், தோலில் பட்டால் பலருக்குக் கொப்புளமும் கடும் அரிப்பும் உண்டாக்கும். இலை காய்ந்த பிறகும் அந்த எண்ணெய் போவதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் குப்பையோடு சேர்த்து அதைக் கொளுத்தினால் புகை நுரையீரலையே பாதிக்கும். என்ன செடி என்று பெயர் சொல்லத் தெரியாத எதையும் விருந்து மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அழகான செம்மணிக் காய்கள் தொங்கும் கொடிகளுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அவற்றில் பல நச்சுத்தன்மை கொண்டவை.

பைன் கூம்புகளையும் ஓக் கொட்டைகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தொடக்க காலத்தில் ஒரு வெள்ளை மேசைவிரிப்பின் நடுவே கிண்ணம் நிறைய ஓக் கொட்டைகளை வைத்தேன். பரிசுகளைப் பிரிக்கும் நேரத்தில் ஒரு கொட்டையில் குண்டூசி முனை அளவு துளை விழுந்து, அதிலிருந்து வெளிறிய புழு ஒன்று நெளிந்து வெளியே வந்தது. மணப்பெண் சிரித்துவிட்டார், அவருடைய அத்தை சிரிக்கவில்லை. கொட்டைக்குள் வண்டின் புழு வளர்வது மிகச் சாதாரணம். அதனால் கொட்டைகளை 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும், கூம்புகளை 95 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையும் ஓவனில் வைத்தெடுக்க வேண்டும். தட்டில் அலுமினியத் தாள் விரித்தால் கூம்பின் பிசின் ஒட்டாது. மூடியிருந்த கூம்புகளும் அந்தச் சூட்டில் செதில் விரித்து மலரும். ஈரம் பட்டால் மீண்டும் மூடிக்கொள்ளும் என்பதால் கழுவியதை நன்றாக உலர்த்துங்கள். ஓவன் பக்கத்திலிருந்து மட்டும் நகராதீர்கள், பிசின் எரியக்கூடியது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது, ஜாடி விளக்கு. கண்ணாடி ஜாடியின் வெளிப்புறத்தில் இலைகளைப் பசை தடவி ஒட்டி, கழுத்தில் சணல் கயிற்றைச் சுற்றி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவது மிகவும் பரவலான, மிகவும் மலிவான அலங்காரம். ஒளி இலையின் ஊடாகக் கசியும்போது அழகாகவும் இருக்கிறது. ஒருமுறை நான் விருந்தினராகப் போயிருந்த வீட்டில், ஒட்டிய இலையின் நுனி ஒன்று ஜாடியின் வாய்விளிம்பைத் தாண்டிக் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. சுடரிலிருந்து எழும் வெப்பக் காற்று நேர் மேலே போவதால் நுனி முதலில் கருகியது. புகை வாடை எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே தீ கழுத்துக் கயிற்றுக்கு இறங்கியது. ஈரத் துணியைப் போட்டு மூடியதால் மேசைவிரிப்பு மட்டும் போனது.

எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் மெழுகுவர்த்தி குறைந்தது 12 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் சொல்லும் அளவு. இதைச் சாதாரண உணவு மேசையில் அளந்து பாருங்கள். 36 அங்குல அகல மேசையின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தால், இருபுறமும் 12 அங்குலம் போக, தட்டு வைக்கவும் ஓரத்தில் ஆறு அங்குலம்தான் மிஞ்சும். இலைக்கும் சணல் துணிக்கும் கூம்புக்கும் இடமே இல்லை. ஆகவே காய்ந்த இலையும் உண்மையான சுடரும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். இலை பளபளப்பதற்காக உருகிய மெழுகில் தோய்த்தெடுத்தாலும், நிறம் நிற்பதற்காக ஹேர் ஸ்ப்ரே அடித்தாலும் அது இன்னும் வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெழுகை உருக்கும்போதும் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்க வேண்டும்.

பேட்டரி மெழுகுவர்த்தி இதற்கு நல்ல மாற்று. ஆனால் அவற்றில் பல, நாணய வடிவ லித்தியம் பேட்டரியில் ஓடுபவை. அதைக் குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகலாம். பேட்டரி மூடியில் திருகாணி உள்ளவற்றை மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பூசணியைக் குடைந்து பூச்சாடியாக்குபவர்கள், விழாவுக்கு முந்தைய மாலையில் குடைந்து, உள்ளே தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் பூவை வைக்கலாம். குடையாத பூசணி குளிர்ந்த உலர்ந்த இடத்தில் பல வாரம் இருக்கும். குடைந்தது சில நாள்களிலேயே அழுகத் தொடங்கும். பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னால் ஒட்டிய தோரணத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், பசை இளகி இலைகள் ஒவ்வொன்றாக உதிரும். நிறத்தைப் பொறுத்தவரை, ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் மட்டும் நிறைந்தால் கூடம் ஹாலோவீன் சாயலுக்குப் போய்விடும் என்பதால் பாதிக்குப் பாதி வெண்மையும் வெளிர் மஞ்சளும் கலப்பது என் வழக்கம். மேசை நடுவே வைப்பது ஓரடி உயரத்தைத் தாண்டினால் எதிரே இருப்பவரின் முகம் தெரியாது.

எல்லாம் முடிந்து பிரிக்கும்போது, வெறும் இலை, கூம்பு, பூசணி ஆகியவற்றை மட்டும் உரக்குழியில் போடுங்கள். மெழுகு தோய்த்தவையும் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவையும் பசை ஒட்டியவையும் அங்கே மக்காமல் கிடக்கும் என்பதால், அவற்றைத் தனிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், கொளுத்த வேண்டாம்.