வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் தீமிதி. செம்பனைக் குலை லாரிகள் ஓடி ஓடி மாவாக்கிய செம்மண் சாலை, குழியிலிருந்து பறக்கும் சாம்பல், போதாததற்குத் திருநீறு, இத்தனைக்கும் நடுவில் நின்று லென்ஸ் மாற்றினேன். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டால், கரகம் எடுத்து வருகிறவர் தலைக்கு மேலே வானத்தில் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த படத்திலும் அதே இடத்தில்தான்.

உடனே லென்ஸின் முன்கண்ணாடியைப் பார்ப்போம், அங்கே தூசி இருக்கும், கை தானாகச் சட்டை நுனியைத் தேடும். ஆனால் அந்தத் தூசி குற்றவாளி இல்லை. காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் முன்கண்ணாடி முழுவதிலும் பரவித்தான் உள்ளே நுழைகிறது, ஆகவே ஒரு தூசி எல்லாவற்றிலும் துளித்துளி ஒளியைத் திருடுமே தவிர, தனியாக ஒரு புள்ளியை வரையாது. வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான்.

குற்றவாளி, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், ஒளியை வாங்கும் நுண்கட்டங்களான பிக்சல்களுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் மேல். பிக்சலுக்கும் தூசிக்கும் உள்ள இடைவெளியை 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறக்கும் எஃப்2.8இல் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளி அகலமான கூம்பாக வருகிறது, தூசி இருக்கும் உயரத்தில் அந்தக் கூம்பின் குறுக்களவு ஏறக்குறைய 0.7 மி.மீ. அதில் 0.05 மி.மீ. தூசி ஒன்று விழுந்தால் அரை சதவீத ஒளிகூடப் போவதில்லை. துளையைச் சின்னதாக்கும் எஃப்22இல் கூம்பு 0.09 மி.மீ.ஆகச் சுருங்கிவிடும், அதே தூசி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். துளையை அகலத் திறந்து எடுத்த இரவுப் பூசைப் படங்களில் இல்லாத புள்ளி பகல் வானத்தில் முளைப்பது இதனால்தான்.

தேடிப் பிடிக்க எஃப்22, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 வைத்து, வேண்டுமென்றே ஃபோகஸ் தவறவிட்டு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். லென்ஸைக் கழற்றிக் கேமராவை எதிரே வைத்துப் பார்க்கும்போது மேல் கீழ் மட்டும் மாறும்: படத்தில் மேலே இருப்பது சென்சாரின் அடியில், இடது இடதிலேயே.

கண்டுபிடித்ததும் கூட வந்த தம்பி கேட்டான், "அண்ணே, ஊதிவிடட்டுமா?" ஐயோ, வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவும் ஆகாது, உள்ளேயிருக்கும் திரவம் பீறிட்டுக் கறை வைக்கும். ரப்பர் ஊதிதான் சரி. பேட்டரி முழுதாக இருக்கட்டும், மெனுவில் சென்சார் துப்புரவு என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, கேமரா வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ஊதியின் மூக்கு உள்ளே எதையும் தொடாமல் ஊதுங்கள்.

எல்லாம் பறந்துவிடாது. தூசியின் விட்டம் பாதியானால் ஒட்டும் விசை பாதிதான் குறையும், காற்று தள்ளும் விசையோ கால்பங்காகிவிடும். பெரிய மணல் ஓடிவிடும், பொடி சட்டமாக உட்கார்ந்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் மோசம், தூசிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நீர் கோத்துப் பசையாகிறது. 2003இல் ஒலிம்பஸ் ஈ-1 கேமரா சென்சார் முன்கண்ணாடியைப் படபடவென்று அதிரவைத்துத் தூசியை உதறியது, இன்று பல கேமராக்களில் அது உண்டு, ஆனால் ஈரப்பிடியில் இருப்பதை அந்த அதிர்வும் எப்போதும் அசைப்பதில்லை.

லென்ஸுக்கும் காற்றுதான் முதலில், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் துணி. இதை நான் ஒரு நல்ல லென்ஸைக் கெடுத்துத்தான் கற்றேன். செம்மண்ணில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும், தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7, கண்ணாடி அதற்குக் கீழே. சட்டை நுனியால் ஒரே ஒரு சுற்று, பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சில் பிறை மாதிரி ஒரு கீறல். அந்தப் பூச்சின் ஒரு அடுக்கு சுமார் 100 நானோமீட்டர் தடிமன்தான், எப்படித் தாங்கும்? திரவம் தேவையென்றால் லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் ஒரு துளி விடுங்கள், கண்ணாடியில் விடாதீர்கள், ஓரமாக உள்ளே இறங்கிவிடும்.

சென்சாரை ஊதி முடித்ததும் வெள்ளைச் சுவரை மறுபடி படமெடுங்கள். புள்ளி இடம் மாறியிருந்தால் அது உலர்ந்த தூசி, இன்னொரு தடவை ஊதுங்கள். அசையாமல் அங்கேயே இருந்தால், சென்சார் அகலத்துக்கு ஏற்ற ஸ்வாப்பில் (சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி) அதற்கான திரவம் இரண்டு சொட்டு, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, திருப்பி அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அப்புறம் அந்த ஸ்வாப் குப்பைக்கு.